அந்தப் படத்துக்கு லைக் போட்டவர்களுக்கு



போன வாரம் என் மகன் முகநூலில் ஒரு படம் போட்டான். தலையில் ஹெல்மெட், விண்வெளிக்குப் போகிறவர் மாதிரி ஒரு உடை, பின்னால் பனி மூடிய மரங்கள், கீழே ஒரு ஸ்னோமொபைல். உள்ளே இருப்பது நான்தான் என்று அவன் எழுதியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. "டீச்சர் மாஸ்", "பெரியம்மா கலக்கிட்டீங்க", "அறுபத்தொன்பதிலும் சிங்கம்" என்று நானூறுக்கு மேல் லைக். முப்பத்து நாலு வருடம் அறிவியல் பாடம் நடத்தியதற்கு இவ்வளவு கைத்தட்டல் கிடைத்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். 1994-இல் பத்தாம் வகுப்பு முடித்த என் மாணவன் ஒருவன் இப்போது பிராம்ப்டனில் இருக்கிறான். "அடுத்த பிப்ரவரியில் கனடாவில் உள்ள நம் பள்ளிக்காரர்கள் எல்லோரும் அதே காட்டில் கூடுவோம். ஆளுக்கொரு ஸ்னோமொபைல். டீச்சர்தான் தலைமை" என்று எழுதிவிட்டான். இருபத்திரண்டு பேர் வருவதாகச் சொல்லியாகிவிட்டது. என் பெயரை வைத்து நடக்கிற காரியம் என்பதால் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் வரமாட்டேன். நீங்களும் அப்படிப் போகவேண்டாம். காரணத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

டொராண்டோவுக்கு வடக்கே மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அந்தத் தனியார் காடு. தனியார் காடு என்றதும் நம் ஊர் மாந்தோப்பை நினைக்காதீர்கள். ஏரிகள், மேப்பிள், ஹெம்லாக் மரங்கள், ஓநாய், மூஸ் என்று எல்லாம் உள்ள நிஜக் காடு. வாசலில் கட்டணம் கட்டி, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, உடையை மாட்டிக்கொண்டு வழிகாட்டியின் பின்னால் வரிசையாகப் போகவேண்டும்.

பொய் சொல்லமாட்டேன், முதல் பத்து நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மகன் ஓட்டினான், நான் பின்னால். உறைந்த ஏரியின் மேல் போகும்போது வயது மறந்துபோனது. பிறகு இரண்டு மணி நேரம் நான் பார்த்ததெல்லாம் என் மகனின் முதுகு. கேட்டதெல்லாம் இஞ்சின். மூக்கில் புகை வாசனை. ஒரு திருப்பத்தில் வழிகாட்டி எல்லா வண்டிகளையும் அணைக்கச் சொன்னார். ஹெல்மெட்டைக் கழற்றினோம். மேலே ஹெம்லாக் கிளையிலிருந்து பனி பொத்தென்று விழுந்தது. கருந்தொப்பி வைத்த மாதிரி ஒரு குருவி கிளையில் வந்து உட்கார்ந்தது. சிக்கடீ என்று பெயராம். என் பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: "பாட்டி, இங்க பறவை எல்லாம் இருக்கா?"

இரண்டு மணி நேரம் காட்டுக்குள் சுற்றிய பிள்ளை கேட்ட கேள்வி அது. நாலு நிமிடம் கழித்து வண்டிகளை மறுபடி கிளப்பினோம். குருவி போய்விட்டது. அன்று நாங்கள் கொடுத்த காசில் காடு என்று கிடைத்தது அந்த நாலு நிமிடம்தான்.

இதற்குமேல் கொஞ்சம் பாடம். தூங்காமல் கேளுங்கள்.

புதிதாய் விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. அதனால் அது ஒரு கம்பளி. வெளியே மைனஸ் 25 இருந்தாலும், ஒன்றரை அடி பனிக்கு அடியில் தரையை ஒட்டிய இடம் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். அந்த இடுக்கில்தான் வயல் எலிகளும் மூஞ்சூறுகளும் குளிர்காலம் முழுக்க சுரங்கப்பாதை போட்டு வாழ்கின்றன. கம்பளியை நசுக்கினால் என்ன ஆகும்? காற்று வெளியேறிவிடும், குளிர் நேரே தரைக்கு இறங்கும், சுரங்கம் மூடிக்கொள்ளும். ஸ்னோமொபைலின் பட்டை செய்வது அதைத்தான். மான்களோ இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பை வைத்து, அதிகம் அசையாமல், வசந்தம்வரை நாளை ஓட்டுகின்றன. பயந்து ஓடுகிற ஒவ்வொரு ஓட்டமும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கிற பணம். நமக்கு அது ஒரு சனிக்கிழமை. அதற்கு அது மார்ச் மாதத்து உயிர்.

இனி உங்கள் பதில்கள். பின்னூட்டத்திலும் வாட்ஸப்பிலும் வந்தவை மூன்று.

"அவர் காடு, அவர் இஷ்டம்" என்றான் ஒருவன். பட்டாவில் நிலம் இருக்கும் தம்பி, மானும் ஓநாயும் இருக்காது. அந்த வட்டாரத்துக் காடுகளின் பட்டா கதையே அவ்வளவு சுத்தமில்லை. 1923-இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் என்று கையெழுத்து வாங்கி, அங்கிருந்த பூர்வகுடி மக்களின் வேட்டை உரிமையையும் பறித்தார்கள். 2018-இல்தான் அரசு இழப்பீடு கொடுத்து மன்னிப்புக் கேட்டது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கே அங்கே மான் பிடிக்க உரிமை இல்லை என்றிருந்த காட்டில், ஒரு நாள் கட்டணம் கட்டிய எனக்கு என்ன உரிமை வந்துவிடும்?

"இந்த வருமானம் இல்லாவிட்டால் அவர் மரத்தை வெட்டுவார், இல்லை பிளாட் போட்டு விற்பார்" என்றாள் என் தம்பி மகள். இது நியாயமான கேள்வி. காட்டை வைத்திருக்கிறவருக்கும் வரி உண்டு, சம்பளம் கொடுக்கவேண்டிய ஆட்கள் உண்டு. சுற்றியுள்ள சிறு ஊர்களில் குளிர்காலத்து மோட்டலும் பெட்ரோல் பங்கும் இந்த வண்டிக்காரர்களை நம்பித்தான் ஓடுகின்றன. ஒன்டாரியோவில் மட்டும் சுமார் 30,000 கிலோமீட்டர் ஸ்னோமொபைல் பாதை இருக்கிறது. ஆனால் அந்த வருமானத்துக்கு அடி எது? பனி. 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமான குளிர்காலம். பனி போதாமல் பாதைகள் வெறிச்சோடிக் கிடந்தன. பெட்ரோலை எரித்துப் பனியைத் தேடிப் போகிற தொழிலை நம்பி ஒரு காட்டைக் காப்பாற்ற முடியுமா? அதே உரிமையாளர் நடந்துபோகவும் பாதை வைத்திருக்கிறார். அதற்குக் காசு கொடுங்கள். கூடக்கூட கொடுங்கள், நான் தடுக்கவில்லை.

"டீச்சர், நீங்கள் முன்னேற்றத்துக்கே எதிரி" என்றான் மூன்றாமவன். இல்லை கண்ணா. இந்த வண்டியின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் நீ அப்படிச் சொல்லமாட்டாய். கியூபெக்கில் வால்கூர் என்ற சிற்றூர். 1934-ஆம் வருடக் குளிர்காலத்தில் அங்கே ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் இரண்டு வயது மகன் வயிற்று நோயில் கிடந்தான். பாதையெல்லாம் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை, பிள்ளை இறந்துபோனது. பனியில் ஓடும் வண்டிக்காக ஏற்கெனவே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர் அவர். 1937-இல் காப்புரிமை வாங்கினார். அவருடைய வண்டிகள் ஆம்புலன்ஸாக, தபால் வண்டியாக, பள்ளிப் பேருந்தாக ஓடின. 1959-இல் சின்ன வண்டியான ஸ்கி-டூ வந்தது. ஆர்க்டிக்கில் வேட்டைக்குப் போகும் இனுவிட் மக்களுக்கு இன்றைக்கும் அது சோறு போடுகிற கருவி. அந்த வண்டியைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பிரசவத்துக்கு ஓடுகிற ஆம்புலன்ஸை ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்கு எடுத்தால் நீ ஒப்புக்கொள்வாயா? நான் கேட்பது அவ்வளவுதான்.

விளையாட்டுக்கே ஓட்டினாலும் ஒரு எல்லை வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஒரு காலத்தில் இந்த வண்டிகளின் புகை தாங்காமல் மேற்கு வாசலில் நின்ற வனக்காவலர்கள் மூச்சுக் கவசம் அணிய வேண்டியதாயிற்று. வழக்குமேல் வழக்கு நடந்தது. இன்று அங்கே தினமும் இத்தனை குழுதான் என்று வரம்பு, கூட வழிகாட்டி, சத்தமும் புகையும் குறைந்த வண்டி என்று விதி. நார்வேயில் 1977-லேயே காட்டுவெளியில் பொழுதுபோக்குக்கு மோட்டார் வண்டி கூடாது என்று சட்டம் போட்டார்கள். 2015-இல் கொஞ்சம் தளர்த்தினாலும், குறித்துக் கொடுத்த பாதையில்தான் போகமுடியும். பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். நம்மைவிடப் பனியைத் தெரிந்தவர்கள்.

கடைசியாக வீட்டு விஷயம். பேரனுக்கு அடுத்த மார்ச்சில் பன்னிரண்டு முடிகிறது. ஒன்டாரியோவில் பன்னிரண்டு வயதில் ஸ்னோமொபைல் ஓட்டும் உரிமம் எடுக்கலாம். மகன் வண்டி வாங்க விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான். இதைப் பொதுவெளியில் எழுதுவதற்கு அவன் கோபிப்பான். கோபிக்கட்டும். உறைந்த ஏரியில் பனிக்கட்டி எங்கே மெலிந்திருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. வருடா வருடம் உடைந்த பனிக்கட்டிக்குள் வண்டியோடு போனவர்களின் செய்தி வருகிறது. இதைச் சொன்னால் "அம்மா, பைக்கும் ஆபத்துதான்" என்கிறான். ஆமாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் பைக் கொடுப்பாயா என்று கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை. இங்கே உறவுக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள், நீங்களும் அவனைக் கேளுங்கள்.

கூடுவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிப்ரவரியில் அதே காட்டுக்கே போவோம். ஸ்னோஷூ என்று ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது. காலில் கட்டிக்கொண்டால் பனியில் புதையாமல் நடக்கலாம். என் முழங்காலுக்கு ஒரு மணி நேரம் தாங்கும். குழந்தைகளைக் கூட்டிவாருங்கள். நடக்கும்போது பேச்சுக் கூடாது, வகுப்பு மாதிரிதான். குருவி வந்தால் பார்ப்போம், வராவிட்டால் பனியில் காலடித் தடம் பார்ப்போம். இட்லியும் மிளகாய்ப் பொடியும் நான் கொண்டுவருகிறேன்.

இதற்குச் சம்மதம் உள்ளவர்கள் மட்டும் கீழே பெயர் எழுதுங்கள். பழைய பட்டியல் செல்லாது.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்