மோதுவியின் கதவு நமக்கும் திறக்கட்டும்

ஜெனீவா நகருக்கு அருகே, சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில், பூமிக்கடியில் ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் இயங்குகிறது பெரும் ஹாட்ரான் மோதுவி. அதை நடத்தும் செர்ன் ஆய்வு மையம் வகுத்துள்ள கால அட்டவணையின்படி, 2026-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கும் நீண்ட நிறுத்தத்துக்குப் பின், 2030-இல் அது மேம்பட்ட வடிவில் மீண்டும் இயங்க வேண்டும். முதலில் திட்டமிட்டதைக் காட்டிலும் பத்து மடங்கு தரவுகளைத் திரட்டுவது இலக்கு. அந்தப் பணியில் தமிழகத்தின் பங்கு என்ன என்று கேட்க வேண்டிய தருணம் இது.

இந்தியாவுக்கு இந்த மோதுவி அந்நியமானதன்று. செர்ன் மையத்துடன் நம் அணுசக்தித் துறை 1991-இல் ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தது. 1996-இல் மோதுவியின் கட்டுமானத்திலும் பங்கேற்க முடிவாயிற்று. ஏறத்தாழ 1,800 மீக்கடத்துக் காந்தங்கள் இங்கிருந்து சென்றன. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசான் கண்டறியப்பட்ட செய்தி வெளியானபோது, அந்த உழைப்பில் இந்தியர்களும் இருந்தனர். 2017 ஜனவரியில் இந்தியா செர்ன் அமைப்பின் இணை உறுப்பு நாடானது. ஆண்டுதோறும் நாம் சந்தா செலுத்துகிறோம். அதற்கு ஈடாக, நம் இளைஞர்கள் அங்கே குறிப்பிட்ட காலப் பணியிடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். நம் தொழிற்கூடங்கள் ஒப்பந்தப் புள்ளிகளில் பங்கேற்கலாம்.

இந்தியா அனுப்பிய பொருள்களில் என்னை மிகவும் ஈர்ப்பது காந்தம் அன்று, ஜாக்கி. வாகனத்தின் சக்கரம் மாற்ற நாம் பயன்படுத்தும் ஜாக்கியின் நுட்பமான உறவுக்காரன் அது. முப்பது டன்னுக்கு மேல் எடையுள்ள காந்தங்களைத் தாங்கி, மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக நகர்த்தி நிறுத்த வேண்டும். அத்தகைய ஜாக்கிகள் ஏறத்தாழ 7,000 இந்தியாவில் உருவாயின. இந்தூரிலுள்ள அணுசக்தித் துறையின் ஆய்வு மையம் வடிவமைக்க, தொழிற்கூடங்கள் அவற்றைச் செய்து முடித்தன.

செவ்வாப்பேட்டையில் வசிக்கும் எனக்கு இந்தச் செய்தி தொலைவில் நடந்த அதிசயமாகத் தோன்றவில்லை. காக்களூரிலும் அம்பத்தூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் மைக்ரான் கணக்கில் இரும்பைக் கடையும் கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கும் அடிப்படை அறிவியலுக்கும் இடையே பாலம் இல்லை என்பதுதான் குறை.

பல்கலைக்கழகங்களின் நிலையும் இத்தகையதே. மோதுவியின் ஆலிஸ் சோதனையில் ஒளித்துகள்களை எண்ணும் கருவியொன்றை உருவாக்கியதில், கொல்கத்தாவின் ஆய்வு நிறுவனங்களோடு ஜம்மு, ராஜஸ்தான், பஞ்சாப் பல்கலைக்கழகங்களும் இருந்தன. அங்கே சாத்தியமானது இங்கே ஏன் விரிவடையவில்லை? தமிழகத்தின் முகமாக நிற்பவை பெரும்பாலும் தேசிய அளவிலான நிறுவனங்களே. சென்னை ஐஐடி, மோதுவியின் சி.எம்.எஸ். சோதனையிலும், ஜப்பானின் பெல்-2 மோதுவிச் சோதனையிலும் பணியாற்றுகிறது. தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் கோட்பாட்டு ஆய்வில் புகழ்பெற்றது. பெருமைக்குரியவைதாம். ஆனால், பொன்னேரி, திருத்தணி போன்ற ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் பயிலும் மாணவர்களுக்கு அந்த வளாகங்கள் ஜெனீவா அளவுக்கே தொலைவில் இருக்கின்றன.

இத்தொலைவைக் குறைக்கும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. 2014 நவம்பரில் செர்ன் தன் சோதனைத் தரவுகளில் ஒரு பகுதியைப் பொதுவெளியில் திறந்துவிட்டது. உண்மையான மோதல்களின் பதிவுகளையும் அவற்றை ஆராய்வதற்கான மென்பொருளையும் எவரும் கட்டணமின்றிப் பெறலாம். ஒரு மடிக்கணினி, இணைய இணைப்பு, வழிகாட்ட ஓர் ஆசிரியர் ஆகிய மூன்றும் இருந்தால், இளநிலை இயற்பியல் மாணவர் ஒருவர் இசட் போசானின் நிறையைத் தாமே கணக்கிட்டுப் பார்க்க முடியும். முதலிரண்டும் இன்று எட்டாக்கனி அல்ல. மூன்றாவதற்குத்தான் பஞ்சம். வகுப்புச் சுமைக்கும் தேர்வுப் பணிக்கும் இடையே ஆய்வுக்கு நேரமின்றித் தவிக்கும் ஆசிரியரிடம் இதையும் சேர்த்துச் சுமத்துவது நியாயமாகாது.

அன்றாடத் தேவைகளே நிறைவேறாத நாட்டில் துகள்களை மோதவிடுவதால் என்ன பயன் என்ற கேள்வி எழலாம். அது பொதுப்பணம் என்பதால், கேட்பவரைக் கேலி செய்வதும் முறையன்று. உலகளாவிய வலை 1989-இல் செர்ன் வளாகத்தில்தான் கருவுற்றது. துகள்களை உணரும் கருவிகளின் நுட்பம் மருத்துவப் படமெடுப்புக்கு உதவுகிறது. ஆனால், இவற்றைச் சொல்லி வாயடைப்பது போதாது. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மக்களின் எதிர்ப்பு தொடர்ந்தது. 2022-இல் மாநில அரசு அத்திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. எதிர்த்தோரின் அச்சங்களில் எவை சரி என்பது வேறு விவாதம். அறிவியல் தன்னைப் பற்றி மக்களிடம் அவர்கள் மொழியில் முன்கூட்டியே பேசியாக வேண்டும் என்பதே நான் அதிலிருந்து பெறும் பாடம்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. தேர்ந்தெடுத்த அரசுக் கல்லூரிகளில் ஆசிரியர் ஒருவருக்கேனும் வகுப்புச் சுமையைக் குறைத்து, திறந்த தரவு ஆய்வைப் பாடத்திட்டத்தின் செயல்முறைப் பகுதியாக்கலாம். அக்கல்லூரிகளைச் சென்னை ஐஐடி போன்ற நிறுவனங்களோடு இணைக்கலாம். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அதற்கு நிதி தரலாம். செர்ன் ஒப்பந்த அறிவிப்புகளைச் சிறுதொழில் கூடங்களுக்குத் தமிழில் கொண்டுசெல்லும் பொறுப்பை மாநிலத் தொழில் துறை ஏற்கலாம்.

சந்தாவை நாடு முழுவதும் சேர்ந்துதான் செலுத்துகிறது. பலன் மட்டும் சில வளாகச் சுவர்களுக்குள் நின்றுவிடலாகாது. 2030-இல் புதிய மோதுவி இயங்கத் தொடங்கும்போது பட்டமேற்படிப்பில் இருக்கப்போகும் மாணவர்கள் இன்று திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிகளில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கான ஆயத்தத்தை இப்போதே தொடங்கினால்தான் உண்டு.