பெரிய ரிம் காரை நிறுத்தாது

சாரல் பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து இலஞ்சி வழியாகக் குற்றாலம் போகும் சாலையோரம் நின்றால், இன்றைய கார் மோகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். சின்ன ஹேட்ச்பேக்கில் 18 அங்குல அலாய். மட்கார்டைத் தாண்டித் துருத்தும் டயர். ரிம்மின் ஆரக்கால்களுக்கு நடுவே சிவப்புப் பெயின்ட் அடித்த காலிப்பர், துளை போட்ட டிஸ்க். இப்படி மாற்றியவர்களில் சிலர் அதே காரை ரேஸ் டிராக்கிலும் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கோ, கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ கிளம்புகிறார்கள். அவர்கள் காதில் விழும் யோசனை எங்கே போனாலும் ஒன்றுதான்: ரிம்மைப் பெரிசாக்கு, டயரை அகலமாக்கு, பெரிய பிரேக் கிட் போடு, கார் பறக்கும், மிதித்த இடத்தில் நிற்கும்.

இந்த யோசனையில் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இது இவ்வளவு நாள் நிலைத்திருக்கிறது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் வரிசை தலைகீழ். கடைசியில் செலவழிக்க வேண்டிய பணம் முதலில் போய்விடுகிறது. முதலில் மாற்ற வேண்டிய பொருள் பழையதாகவே கிடக்கிறது.

முதலில் ரிம். பெரிய ரிம் போட்டால் கார் வேகமாகும் என்கிறார்கள். ஃபார்முலா 1 கார்கள் 2021 வரை ஓடியது 13 அங்குல ரிம்மில். 18 அங்குலத்துக்கு மாறியது 2022-இல்தான். 2020-இல் இத்தாலியின் மான்ஸாவில் லூயிஸ் ஹாமில்டன் மணிக்குச் சராசரி 264.362 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். ஃபார்முலா 1 வரலாற்றின் அதிவேகச் சுற்று என்ற பெயர் 2025 வரை அதற்கே இருந்தது. அந்தக் காரின் ரிம், நம்மூர் சின்னக் கார்கள் பலவற்றின் ரிம்மை விடச் சிறியது.

ஃபார்முலா 1 வேறு உலகம் என்று சிலர் ஒதுக்கலாம். போர்ஷேயை எடுத்துக்கொள்வோம். சாலையில் ஓடும் 992 தலைமுறை 911 ஜி.டி.3 காருக்கு முன்னால் 20 அங்குல ரிம், பின்னால் 21. அதே காரின் பந்தய வடிவமான 911 ஜி.டி.3 கப் காருக்கு நான்கு சக்கரத்திலும் 18 அங்குலம்தான். முன் டிஸ்க்கின் விட்டம் சாலைக் காரில் 408 மில்லிமீட்டர், பந்தயக் காரில் 380. டிராக்குக்கென்றே செய்த காருக்கு ரிம்மும் சிறிது, டிஸ்க்கும் சிறிது. காரணம் எடை. பந்தயக் கார் சுமார் 1,260 கிலோதான். நிறுத்த வேண்டிய பாரம் குறைந்தால் டிஸ்க்கும் குறையலாம். சக்கரத்தின் விளிம்பில் கூடும் ஒவ்வொரு கிலோவும் காரோடு சேர்ந்து நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். ஆகவே வேகம் எடுக்கும்போது அது ஏறக்குறைய இரண்டு கிலோவின் வேலையை எஞ்சினிடம் கேட்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் அந்தச் சுழற்சியை நிறுத்தியாக வேண்டும். மலிவான வார்ப்பு அலாய் ஒன்றை 16 அங்குலத்திலிருந்து 18-க்கு மாற்றியவர் தன் காருக்குப் பாரம்தான் வாங்கித் தந்திருக்கிறார்.

டயரின் வெளிவிட்டத்தை மாற்றாமல் ரிம்மைப் பெரிதாக்கலாம் என்பது உண்மை. 205/55 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 போட்டால் 634. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பக்கச் சுவர் குட்டையாவதால் ஸ்டியரிங் திருப்பியதும் கார் சட்டென்று கேட்கும். அது நிஜமான லாபம். ஆனால் அதே குட்டைச் சுவர்தான் கேரளத்துக்குப் போகும் புளியரைப் பாதையின் பள்ளத்தில் ரிம்மை விரிசல் விட வைக்கிறது. டிராக்குக்கு ரிம் வாங்குகிறவர் விட்டத்தைப் பார்ப்பதற்கு முன் எடையைக் கேட்க வேண்டும். எந்தத் தரச் சோதனையில் தேறியது என்ற முத்திரை உண்டா, நடு ஓட்டை காரின் ஹப்பில் ஆட்டமில்லாமல் உட்காருகிறதா, ஆஃப்செட் கம்பெனி அளவுக்கு நெருக்கமா என்றும் பார்க்க வேண்டும். நிறம் அதற்கப்புறம்.

அடுத்தது அகலம். டயர் அகலமானால் தரையைத் தொடும் பரப்பு கூடும், பிடி கூடும் என்பது வாதம். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ பாரம், காற்று 32 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொண்டால், டயர் தரையில் பதியும் பரப்பு தோராயமாக 130 சதுர சென்டிமீட்டர் வரும். டயரை அகலமாக்கினாலும் பாரமும் காற்றும் மாறாதவரை இந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை, வடிவம்தான் மாறும். நீளமாக இருந்த பதிவு குட்டையாகி அகலமாகும். வளைவில் அதனால் நன்மை உண்டு, சூடும் பரவலாகத் தங்கும். ஆனால் பிடியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ரப்பரின் கலவை. மட்டமான 225-ஐ விட நல்ல கலவையில் செய்த 195 சீக்கிரம் நிற்கும், வளைவிலும் வழுக்காது. டொயோட்டா 2012-இல் ஜி.டி.86 ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டபோது 200 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 215/45 ஆர்17 டயர்தான் கொடுத்தது. ஓட்டுகிறவருக்குக் காரின் குணம் புரியட்டும் என்பதே அதன் எண்ணம். இங்கே 100 குதிரைத்திறன் காருக்கு 225 கேட்கிறார்கள்.

மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேங்கிய தண்ணீரில் அகல டயர் முன்னதாகவே மிதக்கத் தொடங்கும். டிராக்குக்கான செமி ஸ்லிக் டயரில் தண்ணீரை வெளியேற்றும் வரிப்பள்ளங்கள் குறைவு. அதை மாட்டிக்கொண்டு ஜூலை மாதத்தில் குற்றாலம் சாலையில் வருவது, வருகிறவருக்கும் ஆபத்து, அருவிக்கு நடந்து போகிறவர்களுக்கும் ஆபத்து. டிராக் டயர் டிராக்குக்கு மட்டும். தனி ரிம் செட்டில் மாட்டி, அங்கே போய் மாற்றிக்கொள்வதே முறை.

டயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் கதையே சாட்சி. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானபோலிஸ். அந்த டிராக்கின் சாய்வான 13-ஆம் வளைவின் பாரத்தை மிஷ்லின் டயர்கள் தாங்காது என்று தெரிந்ததும், அவற்றைப் போட்டிருந்த 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன் ஒதுங்கிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் இருந்த 6 கார்கள் மட்டும் ஓடின. அவற்றில் ஒன்று ஜோர்டன் அணிக்காக நரேன் கார்த்திகேயன் ஓட்டியது. நான்காவதாக முடித்து 5 புள்ளிகள் எடுத்தார். ஃபார்முலா 1-இல் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. உலகின் மிகச் சிறந்த பிரேக்கும் எஞ்சினும் வைத்திருந்த அணிகள் அன்று தாங்கும் டயர் இல்லாததால் பிட்டுக்குள் நின்றன. அதே நரேன் தன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது, கோவையின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி காரில். சிறிய எஞ்சின், சிறிய சக்கரம். கற்றுக்கொள்ள அது போதுமாக இருந்தது.

இனி பிரேக். வாதத்தின் மையம் இதுதான், தவறும் இங்கேதான் பெரிது.

பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிப்பர் போட்டால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று கடைக்காரர் சொல்வார். டிஸ்க்கும் பேடும் சக்கரத்தை நிறுத்துகின்றன. காரை நிறுத்துவது டயர். வெறும் சாலையில் ஓங்கி மிதித்ததும் பெடலில் தடதடவென்று அதிர்வு வந்து ஏ.பி.எஸ். வேலை செய்கிறதா? அப்படியானால் கம்பெனி பிரேக் டயரின் பிடியை ஏற்கெனவே மீறிவிட்டது. அதற்கு மேல் எத்தனை பிஸ்டன் சேர்த்தாலும் அந்த ஒரு நிறுத்தத்தின் தூரம் ஓர் அடிகூடக் குறையாது. டயரை மாற்றினால் குறையும். முன்பக்கம் மட்டும் பெரிய கிட் போட்டால் தூரம் அதிகமாகவும் வாய்ப்புண்டு. பிரேக் பலம் முன்னால் ஒதுங்கி, பின் டயர்கள் தங்கள் பங்கைச் செய்யாமல் சும்மா உருளும். பெரிய பிஸ்டன்களை நிரப்ப அதிக ஆயில் தேவைப்படுவதால் பெடலும் ஆழமாக இறங்கும்.

அப்படியென்றால் பெரிய டிஸ்க் எதற்கு? சூட்டுக்கு. 1,200 கிலோ கார் 150 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கும்போது சுமார் 875 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. அறைச்சூட்டில் இருக்கும் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். இதில் பெரும்பங்கு சில வினாடிகளில் பிரேக்கில் இறங்குகிறது. இருங்காட்டுக்கோட்டை டிராக் சுமார் 3.7 கி.மீ., 12 வளைவுகள். ஒரு சுற்றிலேயே பலமுறை இப்படி மிதிக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று சூடு சேர்ந்துகொண்டே போகும். கனமான, சக்திவாய்ந்த காரை இருபது நிமிடம் விடாமல் விரட்டுகிறவருக்குத் தடித்த, காற்றோட்டமுள்ள பெரிய டிஸ்க் நிச்சயம் தேவை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் டிஸ்க் அந்த எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே வேறு இரண்டு பொருள்கள் கைவிட்டுவிடும்.

ஒன்று பிரேக் ஆயில். டப்பாவிலிருந்து எடுத்த புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. பந்தயத்துக்கென்று வரும் ஆயில்கள் 300-ஐத் தாண்டும். ஆனால் இந்த ஆயில்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. ஈரம் ஏறிய டாட் 3-க்கு விதிப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கொதிநிலை 140 டிகிரிதான். டாட் 4-க்கு 155. கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. எட்டு பிஸ்டன் காலிப்பர் மாட்டியிருந்தாலும் இதேதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காற்றில் வருஷம் முழுக்க நிற்கும் தென்காசிக் கார்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

இரண்டாவது பேட். சாதாரணப் பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பிடி நழுவும். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு போய்த் திரும்புகிற லாரி ஓட்டுநர்களுக்கு இது பாடமே. கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது அவர்கள் சின்ன கியரில் எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்குகிறார்கள். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் லைனிங் கருகும் என்று அவர்களுக்குத் தெரியும். டிராக்குக்குத் தேவை உயர்ந்த சூட்டைத் தாங்கும் பேட். ஆனால் முழுப் பந்தயப் பேடைத் தினசரிக் காரில் போடக் கூடாது. சூடேறாதவரை அது சரியாகப் பிடிக்காது. இலஞ்சிக் குமாரர் கோயில் பக்கம் குறுக்கே ஒரு மாடு வந்தால் அந்தப் பேடுக்குச் சூடேற நேரமிருக்காது.

பிரேக் என்பது எவ்வளவு கறாரான விஷயம் என்பதை 2025 ஜனவரியில் எல்லோரும் பார்த்தார்கள். துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அவரது தரப்பு சொன்னது. அவர் காயமின்றி வெளியே வந்தார். அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. தொழில்முறை அணிக்கே இது நேருமென்றால், ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர் பழைய ஆயிலோடு டிராக்கில் இறங்கலாமா?

துளை போட்ட டிஸ்க் குளிர்ச்சியாக ஓடும் என்பதும் நம்பிக்கைதான். துளையால் டிஸ்க்கின் உலோகம் குறைகிறது. சூட்டை வாங்கி வைக்கும் திறனும் அதோடு குறைகிறது. மீண்டும் மீண்டும் சூடாகி ஆறும்போது விரிசல் துளையின் ஓரத்தில்தான் தொடங்கும். டிராக்குக்கு வழவழப்பான டிஸ்க்கோ, கோடு வெட்டிய டிஸ்க்கோ நல்லது.

நைட்ரஜனுக்கும் ஒரு வார்த்தை. நைட்ரஜன் நிரப்பினால் சூட்டில் அழுத்தம் ஏறாது என்று பங்க்கில் சொல்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். 30 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. இருந்த டயர் 80 டிகிரிக்குப் போனால் எந்த வாயுவானாலும் 40-ஐ நெருங்கும். நைட்ரஜனில் ஈரம் இராது என்பது மட்டுமே வித்தியாசம். நல்ல அழுத்தமானி ஒன்றை வாங்கி, டிராக்கிலிருந்து வந்ததும் சூட்டிலேயே அளந்து, ஏறியதை இறக்கிவிடுவதே பயனுள்ள வேலை. ஊர் திரும்புமுன் மறக்காமல் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. உடலுக்கு வெளியே துருத்தும் டயரோடு புளியரையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போகிறவர் அபராதத்துக்குத் தயாராகத்தான் போக வேண்டும்.

ஆகவே இலஞ்சியிலோ தென்காசியிலோ இருந்து டிராக்குக்குப் போக நினைக்கிற தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். புதிய டாட் 4 அல்லது 5.1 ஆயிலை மாற்றி, குழாயில் காற்றில்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நல்ல பேட். பிறகு கம்பெனி அளவிலேயே நல்ல கலவை டயர். இந்த மூன்றோடு ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். அப்படியும் டிஸ்க் சூட்டைத் தாங்கவில்லை என்று தெரிந்தால் அப்போது பெரிய கிட் வாங்குங்கள். அந்த டிஸ்க் உள்ளே அடங்குகிற அளவுக்கு மட்டும் ரிம்மைப் பெரிதாக்குங்கள். கடைக்காரர் ரிம் கேட்டலாக்கைக் கையில் கொடுக்கும்போது, காரில் பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றியது என்று உங்கள் மெக்கானிக் அண்ணாச்சியிடம் முதலில் கேளுங்கள். அவருக்கு ஞாபகமில்லை என்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.