தேனீயின் பின்னால் ஒரு வாசிப்பு

உயர்தர மாணவியின் கையில் பாடநூல் அல்லாத ஒரு புத்தகத்தைக் கண்டால், "இது சோதினைக்கு வருமா?" என்று கேட்காத வீடு நம்மிடையே குறைவு. அதில் நியாயமும் உண்டு. இசட் புள்ளியின் தசமத்தில்தான் பல்கலைக்கழகம் நிற்கிறது. ஆனாலும் வாசிப்பையும் பாடப்பிரிவுகளாகப் பங்கிட்டுவிடுவது நமக்கு நட்டம் என்றே நான் நினைக்கிறேன்.

தேனீயையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிரியல் படிப்பவளுக்கு அது பூச்சி. தமிழ் படிப்பவளுக்குத் தும்பி. இஸ்லாம் பாடத்தில் அது ஓர் அத்தியாயத்தின் பெயர். இந்த மூன்றையும் ஒருத்தியே வாசித்தால் என்ன நடக்கும்?

குறுந்தொகையின் 2ஆம் பாடலில் தலைவன் ஒரு தும்பியிடம், தலைவியின் கூந்தலைவிட மணக்கும் பூ உண்டா என்று கேட்கிறான். தருமி, நக்கீரர் கதையால் பலருக்கும் தெரிந்த பாடல்தான். எனக்குப் பிடித்தது அவன் விதிக்கும் நிபந்தனை: தன்னை மகிழ்விக்கும் பதில் வேண்டாம், கண்டதைத்தான் சொல்லவேண்டும். காதலனைவிட ஆய்வாளன் கேட்பது போலிருக்கிறது. கார்ல் வொன் பிறிஷ் என்ற ஆஸ்திரிய அறிஞர் உண்மையிலேயே தேனீயிடம் இப்படிக் கேட்டார். சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையில் சீனிப்பாணி வைத்துப் பழக்கினார். பாணியை எடுத்த பிறகும் தேனீக்கள் நீலத்தையே தேடி வந்தன. அவற்றுக்கு நிறம் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் அவை நடனமாடிச் சொல்வதையும் விளக்கிய அவருக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது.

அல்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் அந்நஹ்ல். அதன் 68, 69ஆம் வசனங்களில் தேனீக்கு இடப்படும் கட்டளைகள் அரபியில் பெண்பால் வினைகளாக வருகின்றன. தேன் சேகரிப்பவை பெண் தேனீக்களே. இதைக் கேட்டதும் சிலர் விஞ்ஞானச் சான்று என்று மேடை ஏறிவிடுவார்கள். எனக்கு அந்த அவசரம் இல்லை, அந்தச் சொல்லைப் பெண்பாலாக வழங்க அரபு இலக்கணமே இடம் தருகிறது. என் கேள்வி வேறு. நம் அகப்பாடல்களில் பூவுக்குப் பூ தாவும் வண்டு, மனைவியை விட்டுப் போகும் கணவனுக்கு உவமை. ஐரோப்பாவிலோ கூட்டின் தலைவியை நெடுங்காலம் அரசன் என்றே சொன்னார்கள். 1609இல் சார்ள்ஸ் பட்லர் அதைப் பெண்ணரசு என்று நூலின் பெயரிலேயே எழுதினார். உழைப்பதும் ஆள்வதும் பெண்ணாக இருக்க, பார்த்தவர்களுக்கு ஏன் ஆணாகவே தெரிந்தது? இந்தக் கேள்வி எந்தத் தனிப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் வந்தது.

அப்படி வைக்கப் புத்தகங்கள் வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, உடுத்த உடையோடு போனவர்கள் புத்தக அலுமாரியையா தூக்கிச் சென்றிருப்பார்கள்? மீண்டு வந்த வீடுகள் பலவற்றில் இன்று இருப்பவை ரியூசன் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும்தான்.

நூலகம் மீண்டும் எழுந்து நிற்கிறது. ஆனால் ரியூசன் முடிந்தால் நேரே வீடு என்பது நம்மில் பலருக்குச் சட்டம். வாப்பாமாரே, உம்மாமாரே, கிழமைக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம் பிந்தி வர அனுமதி தாருங்கள். விரும்பினால் நீங்களும் கூட வாருங்கள்.