"பொருந்தும் தம்பி, கொண்டு போங்கோ"

கமராவுக்கு லென்ஸ் வாங்கப் போறம் என்று ஆரிட்டயாவது சொல்லிப் பாருங்கோ. "வேற கொம்பனி லென்ஸ் வேண்டாம், கமராக் கொம்பனியின்ரயையே வாங்குங்கோ" என்பதுதான் முதல் புத்திமதி. 2022இல் ரூபா விழுந்த நாட்டில், கலியாண வீடுகளுக்குப் படம் எடுத்துக் குடும்பம் பார்க்கிற பிள்ளைக்கு இந்தப் புத்திமதியால் ஒரு பிரயோசனமும் இல்லை. அந்தப் பிள்ளையின் கைக்கு எட்டுவது பாவிச்ச சிக்மாவோ டொக்கினாவோதான். தேவைப்படுவது, அது தன் கமராவில் வேலை செய்யுமா என்பதற்கு ஒரு நேர்மையான பதில்.

அந்தப் பதில்தான் கிடைக்கிறதில்லை. கடையில் லென்ஸை மாட்டித் திருப்புவினம். 'டிக்' என்று சத்தம் வந்தால் "பொருந்தும்" என்பினம். அந்தச் சத்தம் வளையத்தின் அளவு சரி என்பதை மட்டும்தான் சொல்லும்.

நிக்கோனை எடுப்பம். அதன் எஃப் மவுண்ட் 1959இலிருந்து இருக்கிறது. ஆனால் டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டர் கிடையாது. நிக்கோனுக்கு வந்த டொக்கினா 11-16 லென்ஸின் முதல் பதிப்பிலும் மோட்டர் இல்லை, இரண்டாவதில் உண்டு. முதல் பதிப்பை டி5300இல் மாட்டினால் அழகாக இருக்கும், ஃபோகஸ் மட்டும் கையால்தான். கமராவின் மவுண்ட் வளையத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு நிற்குதா என்று பார்த்தாலே விளங்கிவிடும். இதைக் காட்டித்தர ஒரு நிமிஷம் போதும், காட்டுறவை குறைவு.

கெனன் கதை இன்னும் மோசம். ஃபிலிம் காலத்துச் சிக்மா லென்ஸுகள் சிலது டிஜிற்றல் கெனனில் மாட்டுப்படும், ஃபோகஸும் பண்ணும், அப்பேச்சரை முழுக்கத் திறந்து வைச்சால் படமும் விழும். எஃப்8க்குச் சுருக்கிப் பட்டனை அமத்தினால் கமரா பிழைச்செய்தி காட்டி நிண்டுவிடும். கடைக்குள் இருட்டு, ஆரும் அங்க எஃப்8இல் எடுத்துப் பார்க்கமாட்டினம். பிழை தெரியவாறது வெளியில, கோயில் வீதி வெயிலில, மாப்பிள்ளை வந்து இறங்கேக்க.

இது கடைக்காரரின் அலட்சியம் மட்டுமில்லை. லென்ஸும் கமராவும் மின்தொடுகைகளால் என்ன கதைக்குது என்பதைக் கொம்பனிகள் பூட்டி வைச்சிருக்கினம். சிக்மா போன்றவை அதை ஊகிச்சுத்தான் செய்ததுகள். 2018இல் வந்த ஆர்எஃப் மவுண்டில் கெனன் இன்னும் ஒரு படி போனது. தன் காப்புரிமை மீறப்படுகுது என்றது, 2022இல் வில்ட்ரொக்ஸ் தன் ஆர்எஃப் லென்ஸுகளை விற்பனையிலிருந்து எடுத்தது. 2024இல் சிக்மாவுக்கும் டாம்ரொனுக்கும் கதவு திறந்தபோதும் அவை அறிவித்தது சின்ன சென்சர் லென்ஸுகளைத்தான். "ஆராய்ச்சிக்குச் செலவழிச்சவன் காப்பாற்றத்தானே வேணும்" என்று வாதாடுற நண்பர்களுக்கு: சோனி தன் ஈ மவுண்டின் அடிப்படை விபரங்களை 2011இலேயே மற்றக் கொம்பனிகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. அதால சோனி ஒண்டும் கெட்டுப்போகேல்ல.

ஆகவே கடைக்குப் போகேக்க உங்கட கமராவையும் மெமரி காட்டையும் கொண்டு போங்கோ. வாசலுக்கு வெளியில வந்து எஃப்8, எஃப்11இல் எடுங்கோ, ஓட்டோ ஃபோகஸைப் பாருங்கோ, சூமின் இரண்டு அந்தத்திலும் எடுங்கோ. பில்லில் லென்ஸின் பெயரோடு உங்கட கமராவின் மொடலையும் எழுதச் சொல்லுங்கோ. எழுதமாட்டன் என்றால் லென்ஸை மேசையில் வைச்சிட்டு வாங்கோ.