பக்கத்து வீட்டுச் சருகு

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் பாரடைஸ் என்று ஓர் ஊர். பாரடைஸ் என்றால் சொர்க்கம். 2018-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி காலை, மின்சாரக் கம்பியில் கிளம்பிய காட்டுத் தீ அந்தச் சொர்க்கத்தில் புகுந்தது. ஊரிலும் சுற்றுப்புறத்திலும் 85 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் சாம்பலாயின.

தீ எப்படி வீட்டைப் பிடிக்கிறது? பெரு நெருப்பைவிட, காற்றில் பறந்து வரும் கங்குகளே பல வீடுகளுக்கு எமன். கூரை ஓரத்தில் கிடக்கும் காய்ந்த சருகில் ஒரு கங்கு விழுந்தால் போதும். அப்புறம் அந்த வீடே பக்கத்து வீட்டுக்கு விறகு!

தன் வாசலை மட்டும் கூட்டி வைப்பவர் எப்படி நிம்மதியாகத் தூங்க முடியும்?

இதற்காகத்தான் 2002-ல் அங்கே "பயர்வைஸ்" திட்டம் வந்தது. 8 வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் போதும். நாள் குறித்துக் கூடுகிறார்கள். சருகை வாருகிறார்கள். சுவரை ஒட்டிய விறகை அப்புறப்படுத்துகிறார்கள். தாழ்ந்த கிளைகளைக் கழிக்கிறார்கள். ஏணி ஏற முடியாத கிழவியின் கூரையை இளைஞர்கள் சுத்தம் செய்தால், பிழைப்பது அவள் வீடு மட்டுமா?

"என் மரம், என் இஷ்டம்" என்று முறைப்பவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். மரத்தின் மேல் பாசம் தப்பில்லை. தோப்பையே அழிக்கவா சொல்கிறார்கள்? வீட்டைச் சுற்றி 5 அடிக்குள் எரியும் பொருள் வேண்டாம் என்கிறார்கள்.

மின்கம்பியைச் சரியாக வைத்திருப்பது கம்பெனியின் கடமை. சருகு வாரி அந்தக் குற்றத்தை மூட முடியாது. ஆனால் ஒரே காலையில் ஊரே பற்றினால், அத்தனை தீயணைப்பு வண்டிக்கு எங்கே போவது?

இப்படிக் கூடி உழைக்கும் ஊர்களுக்கு இன்சூரன்சுக் கட்டணத்தில் சலுகை தர வேண்டும் என்று 2022-ல் கலிபோர்னியா விதி செய்தது. பணம் மிச்சம் என்றதும், முறைத்தவர்களில் சிலராவது அரிவாளைத் தேடுவார்கள்.