இன்டெக்ஸை பில்டே எழுதட்டும்

மும்பை சீத்தா கேம்பில் என் வீட்டுக்கு வரும் கூரியர் பையன் செக்டர் எழுத்து வரைக்கும் மேப்பைப் பார்த்தே வந்துவிடுவான். அதற்குமேல் மேப் கையை விரித்துவிடும். மூலை டீக்கடையில் கேட்டால்தான் வீடு. 1976இல், அவசரநிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து போட்ட இடம் இது. அன்று எதிர்த்து நின்ற ஜாக்கின் அற்புதம், பின்னாளில் குடிசைவாசிகளையே தங்கள் வீடுகளைக் கணக்கெடுக்க வைத்தார். வெளியாள் எண்ண வந்தால் பூட்டிய கதவைக் காலி வீடு என்று எழுதிவிட்டுப் போவான். ஆள் நைட் ஷிஃப்டுக்குப் போயிருப்பது பக்கத்து வீட்டுக்குத்தான் தெரியும்.

நாம் மூலநிரலை இன்னும் வெளியாளை விட்டே எண்ணுகிறோம். நிரலுக்கு இன்டெக்ஸ் போடும் சிடேக்ஸ் மேல் எனக்குக் கோபமில்லை. டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிடும். ஆனால் அது படிப்பது எழுத்தை மட்டும். போன மாதம் ஒரு போர்டுக்காக, பழைய சி நிரலில் லாக் எடுக்கும் ஃபங்ஷனைத் தேடினேன். ஒரே பெயரில் நான்கு இருந்தன. இரவெல்லாம் நான் படித்தது, அந்த போர்டுக்குக் கம்பைலே ஆகாத ஒன்றை.

எந்த மேக்ரோ உயிரோடு இருக்கிறது, எந்த இன்க்ளூட் பாதை முந்திக்கொள்கிறது என்பதெல்லாம் கம்பைலரைக் கூப்பிடும் பில்டுக்குத் தெரியும். லினக்ஸ் கெர்னலின் பில்டில், கம்பைல் ஆன கோப்புகளுக்கு மட்டும் சிஸ்கோப் இன்டெக்ஸ் போடச் சொல்ல ஒரு மாறியே உண்டு. ஆப்பிள் 2017இல் எக்ஸ்கோட் 9இல் கம்பைல் ஆகும்போதே இன்டெக்ஸையும் எழுதவைத்தது. சிமேக்கில் ஒரு வரி போதும், கம்பைல் கட்டளைகள் ஜேசனாக வந்துவிடும். மேக்ஃபைல், நிஞ்சா ஜெனரேட்டர்களில் மட்டும். மற்றதில் சத்தமில்லாமல் ஒன்றும் வராது. பழைய மேக்ஃபைலுக்கு பேர் (Bear) என்ற கருவி இருக்கிறது. அது ஓடுகிற கட்டளையைத்தான் பிடிக்கும். கிளீன் பண்ணாமல் ஓட்டினால், அன்று தொட்ட நாலு கோப்புதான் பதிவாகும்.

இன்டெக்ஸுக்குத் தனி டார்கெட் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதை யாரும் ஓட்டமாட்டார்கள். கட்டளைப் பட்டியலுக்குச் செலவே இல்லை, வழக்கமான பில்டிலேயே வரட்டும். சிம்பல்களை முழுதாக அலசும் கனமான இன்டெக்ஸை இரவு சிஐயில் போட்டுக்கொள்ளலாம், எந்தக் கமிட்டுக்கானது என்பதையும் அதிலேயே எழுதி.

தீராத தலைவலி ஒன்று உண்டு. ஒரே கோப்பு இரண்டு போர்டுக்கு இரண்டு விதமாகக் கம்பைல் ஆகும். ஜேசனில் இரண்டு பதிவும் இருக்கலாம், ஆனால் எடிட்டர் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். எங்கள் ஆட்கள் போர்டுக்கு ஒரு பில்ட் டைரக்டரி வைத்துக்கொண்டு, வேலை மாறும்போது ஜேசனுக்கான சிம்லிங்கை மாற்றுகிறார்கள். பார்க்க அழகில்லை, ஓடுகிறது.