வைரி என்றொரு கப்பல்

கொங்கு மண்ணில், கடலே இல்லாத ஊரில், பிரித்தானியக் கடற்படையின் 'கப்பல்' ஒன்று இருந்தது என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். குண்டடத்திலிருந்து பல்லடம் வழியாகக் கோவைக்குச் செல்லும் நாம் அனைவரும் அதன் அருகாமையைக் கடந்தே செல்கிறோம். சூலூர் விமானப்படைத் தளம் என்று இன்று அறியப்படும் இடமே அது.

1942 ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. அடுத்துவந்த போராண்டுகளில் பிரித்தானியக் கடற்படை தன் விமானங்களுக்கெனத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தளங்களை வைத்துக்கொண்டது. கரையிலுள்ள தளத்துக்கும் கப்பலுக்குரிய பெயரிடுவதும், விமானத்தளமாயின் பறவையின் பெயரைத் தேர்வதும் அவர்தம் மரபு. கோவையில் விமானங்களைப் பழுதுநீக்கிய பணிமனை 'கருடா' ஆயிற்று. தாம்பரம் 'வல்லூறு' ஆயிற்று. புத்தளம் 'ராஜாலியா' ஆயிற்று. அது நம் இராஜாளியே. 1945 பிப்ரவரி 1 அன்று சூலூர் 'வைரி' ஆயிற்று. வைரி என்றால் பகைவன் என்று மட்டுமே அறிந்தோர் அகராதியைப் புரட்டுக; அது வேட்டைப் பறவையின் பெயருமாகும்.

விடுதலைக்குப் பின்னும் பறவைகள் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. 1961 செப்டம்பர் 5 அன்று இந்தியக் கடற்படை அங்கே 'ஹன்சா' தளத்தைத் தொடங்கியது. ஹன்சா என்பது அன்னம். 1964இல் அது கோவாவின் தபோலிமுக்குப் பெயர்ந்தது. 2020 மே 27 அன்று தேஜஸ் போர்விமானங்களின் இரண்டாம் அணி சூலூரில்தான் தொடங்கப்பட்டது.

இத்தனையும் நம் ஊர் வரலாறுகளில் எங்கே? நாம் புரட்டிய நூல்கள் கல்வெட்டில் தொடங்கிச் செப்பேட்டைக் கடந்து தலபுராணத்தில் இளைப்பாறி, அங்கிருந்து ஒரே தாவலில் பனியன் கம்பெனிக்கு வந்துவிடுகின்றன. சங்கப் பாடல்களின் பறவைப் பெயர்களுக்கு அட்டவணை போடும் தமிழ்த்துறைகள், வாசலருகே ஓர் ஓடுதளம் தமிழ்ப் பறவையின் பெயர் தாங்கி நின்றதை அறியவில்லை.

"அது அந்நியனின் படைவரலாறு, தமிழாசிரியனுக்கு அங்கென்ன வேலை?" என்பர் சிலர். பெயர் தமிழாயிருந்ததற்காகப் பேரரசுக்கு நன்றி பாராட்ட நாம் முனையவில்லை. நாம் கேட்பது வேறு. அந்த நிலத்தை முன்னர் உழுதவர் யார்? ஓடுதளத்துக்குக் கல் சுமந்தவர் யார்? கூலி என்ன? எந்த அணி எந்நாளில் வந்திறங்கியது என்பதைப் பிரித்தானிய ஆர்வலர்கள் தேடித் தொகுத்து வைத்துள்ளனர். அவர்கள் தம் மாலுமிகளை நினைவுகூர்வதில் பிழையில்லை. நம்மவர் கதையையும் அவர்களே எழுத வேண்டும் என்று காத்திருப்பதுதான் பிழை.

1945இல் பத்து வயதுச் சிறுவனாய் வேலியோரம் நின்று விமானம் பார்த்தவருக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. ஏட்டுச்சுவடி நூறாண்டு காத்திருக்கும். திண்ணையில் அமர்ந்திருக்கும் கிழவர் காத்திருக்கமாட்டார். ஆசிரிய நண்பர்களே, இவ்வாண்டு மாணவர்க்குத் தரும் ஒப்படைப்பில் பழைய நயம்பாராட்டலை ஒருமுறை விடுத்து, அவர்களை ஒரு குறிப்பேட்டோடு சூலூருக்கும் பல்லடத்துக்கும் அனுப்புங்கள். நாமும் அனுப்பவிருக்கிறோம். காலம் தாழ்த்திவிட்டோம் என்ற குற்றவுணர்வோடுதான்.